புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்: முதலாம் ஆண்டு மாணவிக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் இடம் கிடைத்து, ஃபீஸும் கட்டியாச்சு. அரசுப் பள்ளியிலிருந்து வரும் பெண்களுக்கு அடுத்து ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் உங்கள் பெயர் பதிவாக வேண்டும். பதிந்துவிட்டால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்.

இதன் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் அவர். முன்பு அவர் பெயரில் இருந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவி. பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அதையே படிப்புக்கான உதவியாக மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று திட்டம் தொடங்கியது. கல்யாணத்துக்கு ஒரு தடவை கொடுப்பதைவிட, படிக்கும் காலத்தில் மாதாமாதம் ஒரு பெண்ணின் கைக்கே பணம் போவது எவ்வளவோ மேல் என்று நான் மனதார நம்புகிறேன்.

முதலில், நீங்கள் தகுதியானவரா என்று பாருங்கள். 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024-25 கல்வியாண்டு முதல் சேர்த்துவிட்டார்கள். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாம் செல்லும். அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது. வருமான வரம்பு இல்லை. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.

அடுத்து, தாள்களை ஒரு ஃபைலில் சேருங்கள். ஆதார், 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, வங்கி பாஸ்புக், எமிஸ் எண். எமிஸ் எண் என்பது பள்ளிக்கல்வித் துறை உங்களுக்குக் கொடுத்த அடையாள எண். நீங்கள் எந்த வகுப்பில் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதை அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். டிசியில் கிடைக்கவில்லையென்றால் பழைய பள்ளியில் கேளுங்கள், சொல்வார்கள். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணம் வரவில்லை என்று என்னிடம் வந்த பெண்களில் பலருக்கும் சிக்கல் வங்கிக் கணக்கில்தான் இருந்தது.

பாஸ்புக் நகலைக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்குக்குத்தான் பணம் வரும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அரசு பணத்தை அனுப்புவது உங்கள் ஆதார் எண்ணுக்கு. அந்த எண் எந்த வங்கியோடு ‘சீடிங்’ ஆகியிருக்கிறதோ, அதாவது அரசுப் பணம் பெற இணைக்கப்பட்டிருக்கிறதோ, அங்கே போய்ச் சேரும். கணக்குத் திறக்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, சீடிங் வேறு. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, தோழிகளுக்கெல்லாம் ஐந்து மாதமாக வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை என்று கண் கலங்கி வந்து நின்றாள். புதுக் கணக்கின் பாஸ்புக்கில் ஒரு வரவும் இல்லை. வேறு ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று கேட்டதும் அவள் அம்மா உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து காக்கி அட்டை போட்ட பாஸ்புக் ஒன்றை எடுத்து வந்தார். ஆறாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்தது, வேறு வங்கி. மறுநாள் போய் என்ட்ரி போட்டுப் பார்த்தால், ஐந்து ஆயிரமும் வரிசையாக அதில் உட்கார்ந்திருந்தன.

இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போங்கள். ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வங்கியின் பெயரும், பக்கத்தில் ‘ஆக்டிவ்’ அல்லது ‘இன்ஆக்டிவ்’ என்றும் வரும். நீங்கள் நினைத்த வங்கி இல்லையென்றாலோ, இன்ஆக்டிவ் என்று இருந்தாலோ, உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் “ஆதார் சீடிங் ஃபார்ம் வேணும்” என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் திரும்பப் பாருங்கள். ஓடிபி வரவில்லையென்றால் ஆதாரில் பழைய போன் நம்பர் இருக்கலாம். அப்படியென்றால் முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள். கணக்கே இல்லாதவர்கள் அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கைத் திறக்கலாம், ஆதாரும் போனும் போதும்.

சரி, இனி விண்ணப்பம். இது கல்லூரி வழியாகத்தான் போகும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார், பெரும்பாலும் ஒரு பேராசிரியர். அலுவலகத்தில் விசாரித்து அவரைப் பாருங்கள். உங்கள் விவரங்களை யுமிஸ் என்ற, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளத்தில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது பக்கத்தில் நின்று, எமிஸ் எண்ணையும் ஆதார் எண்ணையும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தம்பி இருந்தால் அவனுக்கும் இதே வழிதான். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது, அதிலும் மாதம் 1,000 ரூபாய்தான்.

அப்புறம், இரண்டாம் ஆண்டுக்குப் போனதும் ஒருங்கிணைப்பாளரை மறுபடி பார்த்து, நீங்கள் தொடர்ந்து படிப்பது யுமிஸில் ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.