இறங்கித் தள்ளவும் தெரிய வேண்டும்: ஆஃப்-ரோடு டிரையத்லானுக்கும் பனிப் பந்தயத்துக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு

என் முதல் ஆஃப்-ரோடு டிரையத்லானில் சரளைக்கல் மேடு ஒன்றில் மூன்று முறை விழுந்தேன். விழுந்த ஒவ்வொரு முறையும் மறுபடி ஏறி மிதிக்கப் பார்த்தேன். சைக்கிள் பந்தயத்தில் நடப்பது கேவலம் என்று மனதில் ஓர் எண்ணம். அதற்குள் நாலைந்து பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னைத் தாண்டிவிட்டார்கள். நான் உச்சிக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, அவர்கள் தண்ணீர் குடித்து முடித்து அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கே மிதிப்பது, எங்கே இறங்கித் தள்ளுவது என்ற கணக்கு அன்றுதான் எனக்குப் புரிந்தது. பிற்பாடு பனியில் பந்தயம் போனபோது அதே பாடம் இன்னும் கறாராகத் திரும்பி வந்தது.

படி 1: எந்தப் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள்

ஆஃப்-ரோடு டிரையத்லான் என்பது திறந்த நீரில் நீச்சல், மண் பாதையில் மவுண்டன் பைக், அதே மாதிரிப் பாதையில் ஓட்டம். 1996-இல் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெர்ரா பந்தயங்கள்தான் இந்த வகையைப் பரவலாக்கின. முழு அளவு என்றால் ஏறக்குறைய 1.5 கி.மீ. நீச்சல், 30 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். உலக டிரையத்லான் அமைப்பு இதையே கிராஸ் டிரையத்லான் என்கிறது. இதில் பாதித் தூரம் கொண்ட ஸ்பிரின்ட் பந்தயங்களும் உண்டு. முதல்முறை அதில்தான் பெயர் கொடுக்க வேண்டும். 750 மீட்டர் நிற்காமல் நீந்த முடிகிறது, ஒன்றரை மணி நேரம் மண் பாதையில் சைக்கிள் ஓட்ட முடிகிறது, அரை மணி நேரம் மெதுவாக ஓட முடிகிறது என்றால் போதும், நீங்கள் தயார்.

குளிர்கால டிரையத்லானில் நீச்சல் கிடையாது. ஓட்டம், மவுண்டன் பைக், கடைசியில் கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்கு, மூன்றும் பனியின் மேல்தான். 1997 முதல் இதற்கு உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. இன்னொரு பக்கம் நெடுந்தூரப் பனிப் பந்தயங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜனவரிக் கடைசியில் நடக்கும் ஏரோஹெட் 135 அதில் ஒன்று: 135 மைல், அதாவது சுமார் 217 கி.மீ.; சைக்கிளில், சறுக்கில், நடந்து, எப்படி வேண்டுமானாலும் போகலாம்; கெடு 60 மணி நேரம். இதை முதல் பந்தயமாக நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். எங்கே போய்ச் சேரலாம் என்று தெரிவதற்காகச் சொன்னேன்.

படி 2: தண்ணீருக்குப் பழகுங்கள்

குளத்தில் எத்தனை சுற்று நீந்தியிருந்தாலும் ஏரி வேறு. அடியில் கோடு இருக்காது, சுவர் இருக்காது, பக்கத்தில் நீந்துகிறவரின் கால் உங்கள் மூக்கில் படும். எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பாருங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும்.

குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தானாகவே திணறும். எல்லோருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம். தொடக்கத்துக்கு முன்பே இறங்கி, முகத்தில் நீரை அடித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பழகிக்கொள்ளுங்கள். குளிர்நீருக்காக உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடைதான் வெட்சூட். அந்த விஷயத்தில் விதி பார்க்க வேண்டும். உலக டிரையத்லான் விதிப்படி, வயதுப் பிரிவில், அதாவது தொழில்முறை அல்லாதவர்கள் போட்டியிடும் பிரிவில், 1,500 மீட்டர் வரையான நீச்சலுக்கு, நீர் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அணியக்கூடாது, 16-க்குக் கீழே போனால் அணிந்தே ஆக வேண்டும். மற்ற அமைப்புகளின் எல்லை வேறாக இருக்கலாம்.

படி 3: சைக்கிளில்தான் பந்தயம்

மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் சைக்கிளில் போகும். பயிற்சியிலும் அதே பங்கைக் கொடுங்கள். ஆனால் தொடை பலத்துக்கு முன்னால் கை வசம் வேண்டும்.

முதலில் டயரில் காற்று. சாலை சைக்கிளில் 80, 90 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர்கள் இங்கேயும் கல் மாதிரி அடித்துவிட்டு ஒவ்வொரு வேரிலும் துள்ளுவார்கள். டியூப்லெஸ் மவுண்டன் டயருக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். உங்கள் எடையைப் பொறுத்துக் கூட்டிக் குறையுங்கள்.

இறக்கத்தில் பெடல் இரண்டும் சம மட்டத்தில் இருக்கட்டும். சீட்டிலிருந்து எழுந்து, முழங்கையை அகட்டி, குதிகாலைத் தாழ்த்தி நில்லுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் டயர் வழுக்கும். பார்வை மிக முக்கியம். கல்லையே பார்த்துக்கொண்டு போனால் கல்லில்தான் போய் முட்டுவீர்கள். கல்லுக்குப் பக்கத்தில் உள்ள வழியைப் பாருங்கள். ஏற்றத்தில் கியரை மேடு தொடங்கும் முன்பே மாற்றுங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கத்தும், சில நேரம் அறுந்தும் போகும்.

இப்போது தள்ளுவதற்கு வருவோம். என் கணக்கு எளிது: மிதிக்கும் வேகம் நடை வேகத்துக்கு வந்துவிட்டால் இறங்கிவிடுவேன். சமமாக நடந்தால் நாடித்துடிப்பு கொஞ்சம் தணியும், மேலே போனதும் காலில் பலம் மிச்சமிருக்கும். ஆனால் இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். சரிவில் மேட்டுப் பக்கமாகக் காலை ஊன்றுங்கள். ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை சீட்டிலும் வைத்துத் தள்ளுங்கள். பாறைப் படிக்கட்டு மாதிரி வந்தால் ஃபிரேமைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். விதிகளிலும் இதற்குத் தடை இல்லை. வாரத்தில் ஒருநாள் ஒரே மேட்டில் பத்து முறை ஏறி, இறங்கி, தள்ளி, மறுபடி ஏறி ஓட்டிப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதல் பந்தயத்துக்கு ஷூவைப் பூட்டும் கிளிப் பெடல் வேண்டாம். சாதாரண தட்டைப் பெடலும் பிடிமானமான ஓட்ட ஷூவும் போதும். தள்ளும்போது வழுக்காது, ஓட்டத்துக்கு ஷூ மாற்றவும் வேண்டாம்.

பஞ்சர் போட, அறுந்த செயினைச் சேர்க்க நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பந்தயங்களில் வெளியாள் உதவிக்கு வரக்கூடாது. ஒரு டியூப், டயர் நெம்புகோல் இரண்டு, சின்ன பம்ப், செயின் கருவி, இவை எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

படி 4: மாறுமிடமும் ஓட்டமும்

மாறுமிடம் என்பது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும், சைக்கிளை வைத்து எடுக்கும் இடம். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் வார் பூட்டியிருக்க வேண்டும். திரும்ப வைத்த பிறகுதான் கழற்றலாம். மறந்தால் தண்டனை உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் பத்து நிமிடம் கால் இரண்டும் கட்டை மாதிரி இருக்கும். வாரம் ஒருமுறை சைக்கிளை முடித்த கையோடு இருபது நிமிடம் ஓடிப் பழகினால் அது பழகிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் இங்கேயும் நடக்கலாம், தொடையில் கையூன்றி நடங்கள்.

படி 5: பனிக்குப் போகும் முன் வியர்வையை அடக்குங்கள்

ஒன்றிரண்டு ஆஃப்-ரோடு பந்தயம் முடித்த பிறகு இங்கே வாருங்கள். பனியில் எதிரி குளிர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பயிற்சி நாளில் கனமான ஜாக்கெட்டோடு ஒரு மேட்டை விடாமல் மிதித்து ஏறினேன். உச்சியில் டயரைப் பார்க்க நின்றேன். உள்சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது, விரல் மரத்துப்போய் ஜிப்பைப் பிடிக்க வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்து மூடினேன். குளிருக்கு வழிவிட்டது என் வியர்வைதான்.

அதனால் புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, நடுவில் சூடு தாங்கும் ஒன்று, மேலே காற்றுத் தடுப்பு ஜாக்கெட். பருத்தி கூடவே கூடாது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காயவே காயாது. ஏற்றத்துக்கு முன் ஜிப்பைத் திறங்கள் அல்லது ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். உச்சிக்கு வந்ததும், இறங்கத் தொடங்கும் முன்பே மூடுங்கள், ஏனென்றால் இறக்கத்தில் உங்கள் வேகமே காற்றாக அடிக்கும். வியர்க்கப் போகிறது என்று தோன்றினால் இறங்கித் தள்ளுங்கள். மேட்டில் தள்ளியது கால் பலத்தை மிச்சம் பிடிக்க, இங்கே தள்ளுவது உடம்பு நனையாமல் இருக்க.

நெடும்பந்தயத்தில் பனியில் ஓடுவது ஃபேட் பைக், நாலைந்து அங்குல அகல டயர். இளகிய பனியில் காற்றை 5 பிஎஸ்ஐ-க்கும் கீழே இறக்குவார்கள். திரும்பிப் பாருங்கள்: டயர் ஆழமாகத் தடம் பதித்திருந்தால் இன்னும் கொஞ்சம் காற்றை விடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், சரி, நடைதான்.

கைக்கு ஹேண்டில்பாரில் மாட்டும் பெரிய உறைகள் கிடைக்கும், போகீஸ் என்பார்கள். அதற்குள் மெல்லிய கையுறை போதும். உலோகப் பெடல் பாதத்தின் சூட்டை உறிஞ்சும், நைலான் பெடல் மாட்டுங்கள். ஷூ ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சீக்கிரம் குளிரும்.

படி 6: தண்ணீர், தீனி, வெளிச்சம்

முதுகுப் பையிலிருந்து வரும் குழாயில் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். குடித்ததும் குழாயில் உள்ள நீரைப் பைக்குள் திரும்ப ஊதிவிடுங்கள், பையைச் சட்டைக்குள் வையுங்கள். வாயகன்ற பாட்டில் என்றால் தலைகீழாக மாட்டுங்கள். பனிக்கட்டி மேலே மிதந்து உறைவதால் மூடிப் பக்கம் இளகியே இருக்கும். சாக்லேட்டையும் எனர்ஜி பாரையும் வீட்டிலேயே சின்னத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பல் போகும். ஹெட்லைட்டுக்கு லித்தியம் பேட்டரி போடுங்கள், சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

நெடும்பந்தயங்களில் கட்டாயச் சாமான் பட்டியல் உண்டு. ஏரோஹெட்டில் மைனஸ் 29 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, 3,000 கலோரி உணவு எல்லாம் அதில் அடக்கம். வாங்கி மூட்டை கட்டினால் மட்டும் போதாது. குளிர் இரவொன்றில் வீட்டு வாசலிலேயே படுத்துப் பாருங்கள். கையுறையோடு அடுப்பைப் பற்றவைத்துப் பனியை உருக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் பத்தடியில் வீடு இருக்கிறது.

படி 7: கோட்டைத் தாண்டிய பிறகு

ஓடி முடித்ததும் உடம்பு சூட்டை உண்டாக்குவது சட்டென்று குறையும். அப்போதும் ஈர உடையோடு நின்று அரட்டை அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் காய்ந்த உடை, அப்புறம் சூடான பானம், அதற்குப் பிறகுதான் படம் எடுப்பது. பேச்சு குழறினால், தடுமாறினால் உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். விரல், மூக்கு, காது நுனியைப் பாருங்கள். வெளிறி, உணர்ச்சியற்று, மெழுகு மாதிரி இருந்தால் உறைகாயம். தேய்க்காதீர்கள், பனியைப் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம். மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் மெதுவாக ஊறவையுங்கள். உணர்ச்சி திரும்பும்போது நன்றாக வலிக்கும். மரத்துப்போன கைக்குச் சூட்டின் அளவு தெரியாது, அதனால் நீர் பதமாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.