தோட்டத்து அலுவலகத்தின் பழைய கீபோர்ட்டை இன்றைய கணினியில் இயக்குதல்

பழைய கீபோர்ட் ஒன்று கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தையும் வயரின் நுனியில் உள்ள பிளக்கையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதுதான். எதை வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகே வர வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்ததால் எனக்கு இரண்டு வாரமும், ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வந்த செலவும் வீணாயின.

நான் தமிழ்த் தட்டச்சு வேலை செய்பவன். தோட்டத்து மக்களின் விண்ணப்பங்கள், கடிதங்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள் என்று நாள் முழுவதும் விரல்கள் விசைகளின் மேலேயே இருக்கும். எங்கள் தோட்ட அலுவலகத்தில் பழைய சாமான்களை ஒதுக்கியபோது, கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இத நீங்க கொண்டு போங்க, இரும்புக் கடைக்குப் போக வேணாம்" என்று சொல்லி ஒரு 101 விசைக் கீபோர்ட்டைத் தந்தார். செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வேலைநாள், சம்பளக் கணக்கு எல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் அடிக்கப்பட்டது. தொண்ணூறுகளில் வந்த கீபோர்ட்களில் உள்ளதைப் போல, ஒவ்வொரு விசையும் ஆழமாக இறங்கி, இறங்கியதை விரலுக்குத் தெளிவாகச் சொல்லித் திரும்பும். பக்கம் பக்கமாக அடிப்பவர்களுக்கு அந்தத் தெளிவு எவ்வளவு பெரிய உதவி என்பதை, மடிக்கணினியின் தட்டையான விசைகளில் ஒரு நாள் முழுவதும் அடித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அதன் வயரில் தடித்த வட்டப் பிளக் இருந்தது. கடையில் காட்டியபோது, அதைச் சிறிய வட்டப் பிளக்காக மாற்றும் அடாப்டர் ஒன்றையும், அதிலிருந்து யூ.எஸ்.பி.க்கு மாற்றும் இன்னொரு சிறு அடாப்டரையும் தந்து, இது போதும் என்றார்கள். வீட்டில் செருகியதும் மூன்று விளக்குகளும் ஒரு முறை மின்னி அணைந்தன. ஆனால் திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. விளக்கு எரிந்ததால் இணைப்பு சரி, கீபோர்ட்தான் பழுது என்று முடிவு செய்து, அதை முழுவதும் கழற்றினேன். பழுது எதுவும் இருக்கவில்லை. அடாப்டர் 5 வோல்ட் மின்சாரத்தைக் கடத்தியது, ஆனால் மொழியை மாற்றவில்லை. விளக்கு மின்னுவது கீபோர்ட்டுக்கு மின்சாரம் கிடைத்து, அது தன்னைத் தானே சோதித்துக்கொண்டது என்பதற்கு மட்டுமே அடையாளம்.

இங்கே அந்த 'மொழி' என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மற்ற எல்லா முடிவும் இதிலிருந்தே வருகிறது. கீபோர்ட்டுக்கு எழுத்து தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது, எது விடப்பட்டது என்பதை மட்டும் எண்களாக அனுப்பும். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யும் அதன் பின் வந்த எக்ஸ்.டி.யும் பயன்படுத்திய முறையில், ஆங்கில 'ஏ' விசையை அழுத்தினால் 30 என்ற எண் போகும். விட்டால் அதனுடன் 128 கூட்டி 158 போகும். 1984இல் வந்த ஏ.டி. கணினியின் முறையில் அதே விசைக்கு 28. விடும்போது 240உம் அதைத் தொடர்ந்து 28உம் போகும். எக்ஸ்.டி. முறையில் கீபோர்ட் மட்டுமே பேசும், ஏ.டி. முறையில் கணினியும் திரும்பப் பேசி, 'கேப்ஸ் லாக்' விளக்கை எரியச் சொல்ல முடியும். 1987இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்.2 கணினிகளுடன் சிறிய 6 முனைப் பிளக்கைக் கொண்டுவந்தபோது பிளக் மாறியதே தவிர, மின்னளவும் மொழியும் ஏ.டி.யுடையவையாகவே இருந்தன. ஆகவே ஏ.டி.யிலிருந்து பி.எஸ்.2க்கு வெறும் கம்பி மாற்றும் அடாப்டர் போதும். எக்ஸ்.டி.யிலிருந்து எதற்குப் போவதானாலும், ஏ.டி. அல்லது பி.எஸ்.2இலிருந்து யூ.எஸ்.பி.க்குப் போவதானாலும், நடுவில் மொழிபெயர்க்கும் சிப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இனிப் பிளக்கைப் பார்க்கலாம். ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் அகலமுள்ள, 5 முனைகள் கொண்ட வட்டப் பிளக் என்றால் அது எக்ஸ்.டி. அல்லது ஏ.டி.; வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. 9 மில்லிமீற்றர் அளவில் 6 முனைகளோடு இருந்தால் பி.எஸ்.2. சிறிய பிளக்கில் 4 முனைகள் மட்டும் இருந்தால் அது பழைய ஆப்பிள் கணினியுடையதாக இருக்கலாம். அதன் வழி வேறு, அதை இங்கே சேர்க்கவில்லை. பெரிய பிளக் உள்ளவர்கள் விசைகளை எண்ண வேண்டும். 83 விசைகள் என்றால் எக்ஸ்.டி., 84 என்றால் ஏ.டி. 101 அல்லது 102 விசைகள் இருந்தால் பெரும்பாலும் ஏ.டி.தான், ஆனால் அந்தக் காலத்து நிறுவனங்கள் பல, இரண்டு வகைக் கணினிக்கும் பொருந்தும் விதத்தில் அடிப்பாகத்தில் ஒரு மிகச் சிறிய சுவிட்ச் வைத்திருந்தன. என்னுடையதில் நகக்கண் அளவே இருந்த அந்த சுவிட்ச், தேயிலைத் தூசு அப்பிப்போய்க் கண்ணுக்கே தெரியவில்லை. கொழும்பு போய், மொழிபெயர்க்கும் சிப் உள்ள சரியான கன்வேர்ட்டரை வாங்கி வந்த பிறகும் எழுத்து விழாமல் போனதற்குக் காரணம், அது 'எக்ஸ்' பக்கம் இருந்ததுதான். வயரைக் கழற்றிவிட்டு, தீக்குச்சி நுனியால் அதை 'ஏ' பக்கம் தள்ளிச் செருகியதும் முதல் அழுத்தத்திலேயே எழுத்து வந்தது.

இணைக்கும் முன் சுத்தம் செய்ய வேண்டும். தூசும் ஈரமும் சேர்ந்த கீபோர்ட்டில் ஒரு விசை வேலை செய்யாவிட்டால், குறை கன்வேர்ட்டரிலா கீபோர்ட்டிலா என்று பிரித்தறிய முடியாது. விசைகளின் ஒழுங்கை முதலில் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, காகித கிளிப்பை நீட்டி முனையைக் கொக்கி போல வளைத்து, விசைத்தொப்பியின் இரு பக்கமும் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். இடைவெளி விசைக்குக் கீழே ஒரு கம்பி மாட்டப்பட்டிருக்கும். அதை வலிந்து இழுத்தால் பிளாஸ்டிக் காது முறிந்துவிடும், மாற்றுத் தொப்பி கிடைப்பதும் அரிது. தொப்பிகளை வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரத்தோடு ஊறவைத்துக் கழுவலாம். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில், நோர்வூட், மஸ்கெலியா, ஹட்டன் பக்கங்களில் அவை உலர இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும் என்பதை எதிர்பார்த்தே கழுவுங்கள். அவசரப்பட்டு அடுப்பங்கரையில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்; மின்விசிறிக்கு முன்னால் ஒரு துணியில் பரப்பி வைப்பதே நல்லது. தொப்பியின் உட்குழியில் ஒரு துளி நீர் இருந்தாலும் மாட்டக் கூடாது.

உள்ளே இருக்கும் தூசைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். மலைநாட்டு மூடுபனியில் பல வருடம் கிடந்த கீபோர்ட்டில் பிளக் முனைகளில் பச்சைப் பூப்பு பிடித்திருக்கும். பஞ்சுக் குச்சியை மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்தால் லேசான பூப்பு போய்விடும். தின்னர், அசிட்டோன் ஆகியவை பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அவற்றைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம். விசைக்கு அடியில் ஸ்பொஞ்சுத் துண்டுகள் கொண்ட வகைகளில், காலம் போகப் போக அந்த ஸ்பொஞ்சு பொடியாகி விசைகள் வரிசை வரிசையாகச் செயலிழக்கும்; அதற்குச் சுத்தம் செய்தல் போதாது, துண்டுகளையே மாற்ற வேண்டும். வெயில் பட்டு மஞ்சளான உடம்பை வெளுக்க வைக்கும் முறைகளும் உள்ளன. வேலைக்கு அது தேவையில்லை, நான் அப்படியே விட்டுவிட்டேன்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். ஊதா நிறத்தில், அல்லது பாதி ஊதா பாதி பச்சையாக, ஒரு சிறிய வட்டத் துளை இருந்தால் அது பி.எஸ்.2 துளை, இன்றும் சில மதர்போர்ட்களில் அது வருகிறது. பி.எஸ்.2 கீபோர்ட்டை அதில் நேரே செருகலாம்; 5 முனை ஏ.டி. கீபோர்ட்டுக்குச் சிறிய வட்டமாக மாற்றும் அடாப்டர் போதும். ஆனால் இது யூ.எஸ்.பி. அல்ல. கணினியை முழுதாக நிறுத்திய பின்னரே செருகவும் கழற்றவும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் கணினி கீபோர்ட்டை அறியாமல் போகலாம், சில வேளை அந்தத் துளையே பழுதாகலாம்.

மடிக்கணினி என்றால், பி.எஸ்.2இலிருந்து யூ.எஸ்.பி.க்கு மொழிபெயர்க்கும் சிப் உள்ள கன்வேர்ட்டர் வேண்டும். உடம்பு முழுதும் ஒரு விரல் நுனி அளவே உள்ள, வயர் இல்லாத சிறு துண்டு வெறும் கம்பி மாற்றி. இரு மொழியும் பேசத் தெரிந்த பிற்காலக் கீபோர்ட்களுக்கு மட்டுமே அது உதவும். சிப் உள்ளதில் பொதுவாக ஒரு குட்டை வயரும், கீபோர்ட்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று இரண்டு துளைகளும் இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ தேடுவோர், முடிந்தால் கீபோர்ட்டையே கையோடு கொண்டுபோய் அங்கேயே சோதித்து வாங்குங்கள். பழைய கீபோர்ட்கள் இன்றையவற்றைவிட அதிக மின்னோட்டம் எடுப்பதால், விலை குறைந்த சில கன்வேர்ட்டர்கள் இடையிடையே எழுத்தை விழுங்கும், அல்லது ஒரே எழுத்தை நிற்காமல் அடிக்கும். அப்போது, தனி மின்வழங்கி உள்ள யூ.எஸ்.பி. ஹப் வழியாக இணைத்துப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் கன்வேர்ட்டரை மாற்றுவதே வழி.

83 விசை எக்ஸ்.டி. கீபோர்ட்டுக்கு மேற்சொன்ன கன்வேர்ட்டர்கள் உதவா. ஏ.டி.மெகா 32யூ4 (ATmega32U4) சிப் உள்ள ப்ரோ மைக்ரோ போன்ற சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றில், ஆர்வலர்கள் இலவசமாக வெளியிட்டுள்ள டி.எம்.கே. (TMK) அல்லது சோரர் (Soarer) கன்வேர்ட்டர் மென்பொருளை ஏற்றி நாமே செய்துகொள்ளலாம். சூட்டுக்கோலால் நான்கு வயர் ஒட்டத் தெரிந்தவருக்கு ஒரு மாலைநேர வேலை இது. 5 முனைப் பிளக்கில் முனைகளின் எண் வரிசையாக ஓடாது. அரைவட்டத்தில் 1, 4, 2, 5, 3 என்று மாறி மாறி வரும். 1 கடிகாரத் துடிப்பு, 2 தரவு, 4 நிலம் (கிரவுண்ட்), 5 மின்சாரம். 3ஐச் சில எக்ஸ்.டி. கீபோர்ட்கள் மீட்டமைப்புக்குப் பயன்படுத்தும். நடு முனை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தரவுதான். அதன் இருபுறமும் உள்ளவை நிலமும் மின்சாரமும். இவ்விரண்டும் மாறினால் கீபோர்ட் எரிந்துபோகக் கூடும் என்பதால், மல்டிமீற்றரில் பார்க்காமல் ஒட்டாதீர்கள். பெரும்பாலும் நில முனை பிளக்கின் உலோக உறையோடு தொடர்பு காட்டும். பலகையில் எந்தத் துளைக்கு எந்த வயர் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். அதனுடன் வரும் குறிப்பின்படியே செய்யுங்கள்.

எழுத்து விழத் தொடங்கியதும், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விசை இல்லாதது முதலில் உறுத்தும். அந்த விசை விண்டோஸ் 95 காலத்தில்தான் பரவியது. 101 விசைக் கீபோர்ட்டில் அது இருக்காது. கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டார்ட் பட்டி திறக்கும். அதற்கு மேல் தேவைப்படுவோர், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மென்பொருளின் கீபோர்ட் மேனேஜரில் வலப்பக்கக் கன்ட்ரோலை விண்டோஸ் விசையாக மாற்றிக்கொள்ளலாம். நான் கேப்ஸ் லாக்கை மாற்றாமல் வலப்பக்கக் கன்ட்ரோலைத் தேர்ந்தேன். வலப்பக்கக் கன்ட்ரோலை வேறெதற்கும் நான் தொடுவதே இல்லை.

தமிழ் அடிப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். கீபோர்ட் அனுப்புவது இடத்தின் எண்ணை மட்டுமே என்பதால், எந்தத் தமிழ் விசைப்பலகை அமைப்பும் பழைய கீபோர்ட்டில் அப்படியே இயங்கும். இலங்கை அச்சகங்களில் பாமினி எழுத்துருவோடு பழகிய விரல்களுக்கு, 'தமிழ்' என்ற சொல் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன் பின் அரைப்புள்ளி விசை என்றே ஓடும். அதே பழக்கத்தில் யூனிகோட் எழுத்தைப் பெற, இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி அமைப்பைத் தேர்ந்தால் போதும். தமிழ் 99 விசை அமைப்பைப் பழகியவர்களுக்கும் அதிலேயே இடம் உண்டு. விண்டோஸ் விசை இல்லாமல் மொழியை மாற்ற, இடப்பக்க ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தலாம். எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று பார்க்க, நான் உயிரெழுத்து, மெய்யெழுத்து, கிரந்தம், எண்கள் என்ற ஒழுங்கில் ஒரு பக்கம் அடித்து வைத்துக்கொண்டேன். அதில் 'ழ' மட்டும் இரண்டு தடவை விழுந்தது. ஓ விசையின் தொப்பியைக் கழற்றி அடியில் மறுபடி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் சரியாயிற்று.

வேலை முடிந்ததும் கீபோர்ட்டை ஒரு பருத்தித் துணியால் மூடி வையுங்கள். பொலித்தீன் உறை உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் பிற்பகல் இடிமழையில் கணினியின் மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுருள் வயரை இழுத்து நீட்டியோ, கீபோர்ட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியோ வைக்காதீர்கள். பழைய வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும்.