இறந்தவரின் சொத்துக்குத் தற்காலிக நிர்வாகி: முதல் நாளிலிருந்து என்ன செய்வது?

கடைச் சாவி மூத்தவரிடம், வங்கிப் புத்தகம் மருமகளிடம், அடகுச் சீட்டு யாரிடமென்றே தெரியாது. பங்கு தீர மாதக்கணக்காகும். அதுவரை பொருள் கரையாமல் காக்க, இலங்கையில் மாவட்ட நீதிமன்றத்தில் தற்காலிக நிர்வாகியைக் கேட்கலாம். அவர் காவல் காப்பவர், பங்கு பிரிப்பவர் அல்ல.

முதலில், நீதிமன்றம் போகத் தேவையில்லாததைத் தள்ளிவையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு இறந்தவர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப்பின் பணத்தைப் பெறவேண்டியவரை, எழுதி வைத்திருந்தால் அவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். லயக் காம்பராவுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறைக்கு) இறந்தவர் பெயரில் உறுதிப் பத்திரம் இல்லையென்றால் அதைச் சொத்துப் பட்டியலில் போடாதீர்கள்.

மிச்சத்தை அன்றே எழுதுங்கள். கடையென்றால் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு தட்டு தட்டாக எண்ணுங்கள்: அரிசி எத்தனை மூடை, பருப்பு எத்தனை கிலோ, கல்லாவில் எவ்வளவு, கடன் கொப்பியில் யார் பெயரில் எவ்வளவு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூவரும் ஒப்பமிடுங்கள். அடகுச் சீட்டில் மீட்கும் திகதியைத் தனியாகக் குறியுங்கள். தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். அவசரக் கட்டளை கேட்க இதைவிட வலுவான காரணம் கிடையாது.

அடுத்தது பெயர். மலையக மனுக்கள் அதிகம் இழுபடுவது இங்கேதான். மரணச் சான்றிதழில் ‘முத்துசாமி’, அடையாள அட்டையில் ‘முத்துச்சாமி’, தோட்டத்து செக்ரோலில் (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேட்டில்) வெறும் ‘சாமி’. மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிடும் எழுத்து) முடித்து, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களையும் சேர்த்துக் கொடுங்கள். மனு போட்டபிறகு திருத்த நினைத்தால் தவணை மேல் தவணைதான்.

மனுவைச் சட்டத்தரணி மூலம், இறந்தவர் வாழ்ந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். வாரிசுகள் அத்தனை பேரையும் காட்டுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத தம்பியையும் விடக்கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் நியமனமே ரத்தாகலாம். என்னென்ன அதிகாரம் வேண்டுமென்று பிரித்துக் கேளுங்கள்: கடையைப் பூட்டி வைக்க, வாடகை கட்ட, நகையை மீட்க, தோட்டத்தில் வெட்டும் பருவத்தில் நிற்கும் லீக்ஸை விற்க. கட்டளையில் இல்லாததைச் செய்தால் நட்டம் நிர்வாகியின் தலையில் விழும்.

நியமனம் கிடைத்ததும் தனி வங்கிக் கணக்குத் திறந்து, வரவு செலவு ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வையுங்கள். ஈமச் செலவுக்கென்று இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுப்பது வழக்கமாகிவிட்டது, தயவுசெய்து வேண்டாம். அவர் உயிரோடிருக்கும்போது கொடுத்த அட்டோனி தத்துவமும் (அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரமும்) மரணத்தோடு செல்லாது.

காணாமற்போனவர் விடயம் வேறு. 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்ட மண்சரிவில் புதையுண்ட பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மரணச் சான்றிதழ் இல்லாமல் இறந்தவரின் சொத்து என்று மனுப்போட முடியாது. எனவே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், கடைசியாக அவரைப் பார்த்தவரின் வாக்குமூலம் ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.