முருங்கைக் கேப்சூல் அமெரிக்கா போகும் முன்: சப்ளிமெண்ட் ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முருங்கை இலைப் பொடியைக் கேப்சூலில் அடைத்து விற்பவர் யாராவது, "அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறேன், இந்த லேபிளைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்டால், என் கண் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான். "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்." அநேகமாக அது இருக்கும். ஊரில் அந்த வரியைப் பார்த்துத்தான் பொருளை வாங்குகிறார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் அதே வரியால் சரக்கு நின்றுபோகும்.

இது பலருக்கும் புரியாத இடம் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பொருள் உணவா மருந்தா என்பதை, கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அதை எதற்காக விற்கிறோம் என்று நாம் சொல்கிறோமோ, அதையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 1994-ல் வந்த சப்ளிமெண்ட் சட்டம், உணவுக்குத் துணையாகச் சாப்பிடும் இந்தப் பொருட்களை உணவு வகையில் சேர்த்தது. அதனால் விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ.விடம் (உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பு) ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நோயைக் குணப்படுத்தும், தடுக்கும், கட்டுப்படுத்தும் என்று எழுதிவிட்டால் அதே முருங்கைப் பொடி ஒப்புதல் இல்லாத புது மருந்து ஆகிவிடும். பொடி மாறவில்லை, எழுத்துதான் மாறியது.

அப்படியானால் எதைச் சொல்லலாம்? உடலின் அமைப்பு, இயக்கம் பற்றிச் சொல்லலாம். "எலும்பு வலுவாக இருக்கக் கால்சியம் உதவும்", "நோய் எதிர்ப்பு ஆற்றலுக்குத் துணைபுரியும்" போன்றவை சரி. "கொலஸ்ட்ராலைக் குறைக்கும்" என்றால் தவறு. "ஏற்கெனவே இயல்பான அளவில் இருக்கும் கொலஸ்ட்ரால் அப்படியே இருக்க உதவும்" என்றால் அனுமதி உண்டு. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். சட்டத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அனுமதி உள்ள வாசகத்தைப் போட்டாலும் வேலை முடியாது. அந்த வாசகத்தோடு பொருள் விற்பனைக்கு வந்த 30 நாளுக்குள் எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "இந்தக் கூற்றை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ சிகிச்சை செய்யவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இந்தப் பொருள் உத்தேசிக்கப்படவில்லை" என்ற பொருளுடைய அறிவிப்பை, சட்டம் சொல்லும் அதே ஆங்கில வாசகத்தில் லேபிளில் அச்சிடவும் வேண்டும்.

லேபிளைத் திருத்திவிட்டு இணையதளத்தை மறந்துவிடுவது அடுத்த தவறு. பொருளை விற்கும் பக்கம், ஃபேஸ்புக் பதிவு, யூட்யூப் வீடியோ எல்லாவற்றையும் எஃப்.டி.ஏ. பார்க்கிறது. "மூன்று மாதத்தில் என் சர்க்கரை இறங்கிவிட்டது" என்று வாடிக்கையாளர் எழுதியதை எடுத்து உங்கள் பக்கத்தில் போட்டால், அது உங்கள் கூற்றாகத்தான் எண்ணப்படும். பொருளின் பெயரிலேயே நோயின் பெயர் ஒளிந்திருந்தாலும் அதே சிக்கல்தான். விளம்பரம் எஃப்.டி.சி. (மத்திய வணிக ஆணையம்) என்ற வேறொரு அமைப்பின் கையில் இருக்கிறது. 2022-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உடல்நலம் பற்றிய கூற்றுக்குப் பொதுவாக மனிதர்களிடம் முறைப்படி நடத்திய ஆய்வு வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறோம் என்பது நமக்குப் பெரிய சான்றுதான். அங்கே அது மட்டும் போதாது.

ஆயுஷ் உரிமம் இருக்கிறதே!

இந்தக் கேள்வியை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்க இங்கே வாங்கும் உரிமம் இந்தியாவுக்குள் செல்லும், அமெரிக்காவில் அதற்கு மதிப்பில்லை. லேபிளில் "சித்த மருந்து" என்று போட்டிருந்தால், இது மருந்து என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமமும் அப்படித்தான். இங்கே அது கட்டாயம், அங்கே அது நுழைவுச்சீட்டு அல்ல.

இதே குழப்பத்தின் மறுபக்கம், "எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்றது" என்று டப்பாவில் அச்சிடுவது. சப்ளிமெண்ட்டுக்கு அப்படி ஓர் ஒப்புதலே கிடையாது. தயாரிப்புக்கூடத்தைப் பதிவு செய்வது மட்டும்தான் உண்டு. அதற்கு எஃப்.டி.ஏ. கட்டணம் வாங்குவதில்லை, சான்றிதழும் தருவதில்லை. தங்க நிற முத்திரையோடு யாராவது "எஃப்.டி.ஏ. சான்றிதழ்" என்று நீட்டினால் அது அந்த ஏஜென்ட் தானே அச்சடித்த காகிதம். அதை நம்பி டப்பாவில் எஃப்.டி.ஏ. சின்னத்தைப் போடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பணமும் போய், சட்டத்தையும் மீறியவர்கள் ஆகிறார்கள்.

பதிவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு தடவை செய்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரட்டைப்படை ஆண்டுகளில், அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். 2026-ல் ஒரு முறை, பிறகு 2028-ல். தவறவிட்டால் பதிவு காலாவதி. பதிவு இல்லாத கூடத்திலிருந்து வரும் உணவைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பும் தர வேண்டும். கப்பலில் வந்தால் சரக்கு சேர்வதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன், விமானத்தில் வந்தால் 4 மணி நேரம் முன்.

அப்புறம், பதிவுக்காக அமெரிக்காவில் ஓர் ஏஜென்ட்டை நியமிக்கிறோம் இல்லையா, அவரையே இறக்குமதியாளர் என்று நினைத்துக்கொள்வது. இவை வேறு வேறு பொறுப்புகள். எஃப்.டி.ஏ. தகவல் அனுப்பினால் வாங்கிக்கொள்பவர் ஏஜென்ட். 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, வெளிநாட்டு சப்ளையரைச் சரிபார்க்கும் கடமையை அமெரிக்காவில் உள்ள இறக்குமதியாளர் மீது வைத்திருக்கிறது. சரக்கு நுழையும்போது அவர் பெயர், மின்னஞ்சல், டன்ஸ் எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண்) எல்லாம் கொடுக்க வேண்டும். ஆன்லைன் தளத்தின் கிடங்குக்கு நேராக அனுப்பும் சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிடங்கு வைத்திருக்கும் தளம் தானாக உங்கள் இறக்குமதியாளர் ஆகிவிடாது. அங்கே வாங்குபவர் யாரும் இல்லையென்றால், இந்தப் பொறுப்பை ஏற்க ஒருவரை எழுத்துபூர்வமாக நியமித்தாக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மாமா பையன் பெயரை அவரிடம் சொல்லாமலே எழுதிவிடுவது சொந்தத்தையும் கெடுக்கும். ஆய்வுக்கு வந்தால் ஆவணம் காட்ட வேண்டியவர் அவர்.

லேபிளின் சின்ன எழுத்துகள்

இந்திய டப்பாவின் மேல் ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அமெரிக்க சப்ளிமெண்ட்டுக்குத் தகவல் பெட்டியின் வடிவமே தனி, அதன் தலைப்பும் தனி. மூலிகை என்றால் எந்தப் பாகம் என்று எழுத வேண்டும்: இலையா, வேரா, விதையா. "முருங்கை" என்று மட்டும் போட்டால் போதாது. அமுக்கராவில் (அஸ்வகந்தா) இது இன்னும் முக்கியம். வழக்கமாக மருந்துக்கு எடுப்பது வேர். இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி நம் ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் அறிவுறுத்தியது.

புலம்பெயர்ந்த தமிழர்களை மனத்தில் வைத்து, ஆசையோடு டப்பாவில் தமிழில் நாலு வரி எழுதுவார்கள். நானும் அதை விரும்புகிறவன்தான். ஆனால் லேபிளில் வேறு மொழியில் விளக்க வாசகம் இருந்தால், கட்டாயமாகத் தர வேண்டிய தகவல் அத்தனையும் அந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒன்று, எல்லாவற்றையும் தமிழிலும் போடுங்கள். இல்லையென்றால் அந்த நாலு வரியை எடுத்துவிடுங்கள்.

லேகியம் அனுப்புபவர்கள் நல்லெண்ணெயை மறக்கக் கூடாது. 2023 ஜனவரி 1 முதல் எள், அமெரிக்காவில் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். செக்கில் ஆட்டிய எண்ணெய் சேர்த்துவிட்டு எள் என்று லேபிளில் சொல்லாவிட்டால், விற்ற பொருளையெல்லாம் திரும்ப அழைக்கும் நிலை வரும். எள் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர் ஆபத்து என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேப்சூல் ஓட்டின் நிறத்தையும் பாருங்கள். இங்கே உணவில் அனுமதியுள்ள கார்மோய்சின், பான்சோ 4ஆர் என்ற சிவப்புகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடையாது. எரித்ரோசின் சிவப்புக்கான அனுமதியை 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். உணவுத் தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். மற்ற செயற்கை நிறங்களும் ஒவ்வொரு பேட்ச்சாக எஃப்.டி.ஏ. சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், நிறமில்லாத ஓடு வாங்கிவிடுங்கள்.

காலாவதித் தேதி அங்கே கட்டாயம் இல்லை. ஆனால் போட்டால், அதுவரை பொருள் கெடாது என்பதற்குச் சோதனைத் தரவு வேண்டும். "24 மாதம்" என்று பழக்கத்தில் அச்சிடாதீர்கள்.

லேப் ரிப்போர்ட் "பாஸ்" என்று சொன்ன பிறகும்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் இது காகிதத்தோடு முடிகிற விஷயம் அல்ல. 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. அதிலிருந்து இந்திய மூலிகை என்றாலே அங்கே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர்களும் அந்தச் சுமையைத் தூக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயுர்வேத மருந்துகளுக்கு இந்தியாவில் ஈயத்தின் வரம்பு 10 பி.பி.எம்., அதாவது ஒரு கிராமுக்கு 10 மைக்ரோகிராம். கலிஃபோர்னியா மாநிலத்தில் 1986-ல் வந்த "ப்ரொபொசிஷன் 65" சட்டப்படி, ஒருவர் ஒரு நாளில் ஒரு பொருளிலிருந்து 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உட்கொள்ள நேர்ந்தால் எச்சரிக்கை வாசகம் தேவை. உங்கள் பொடியில் ஈயம் வெறும் 0.2 பி.பி.எம். என்று வையுங்கள். இங்கே எந்த லேபும் "பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். ஒரு நாளைக்கு 3 கிராம் சாப்பிடச் சொன்னால் 0.6 மைக்ரோகிராம். வரம்பைத் தாண்டிவிட்டது. இந்தச் சட்டத்தில் வழக்குப் போட அரசு வர வேண்டும் என்பதுகூட இல்லை, தனியாரே 60 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் போடலாம். ஆகவே லேப் ரிப்போர்ட்டில் "பாஸ்" என்ற சொல்லைப் பார்க்காதீர்கள். எண்ணைப் பாருங்கள், அதை ஒரு நாள் அளவால் பெருக்குங்கள். மண்ணிலிருந்தும் அரைக்கும் இயந்திரத்திலிருந்தும் ஈயம் ஏறும் என்பதால், ஒரு தோட்டத்துப் பேட்ச்சுக்கு எடுத்த ரிப்போர்ட்டை அடுத்த தோட்டத்துப் பேட்ச்சுக்குக் காட்டுவதும் தவறு.

கிருமியும் அப்படித்தான். 2025 அக்டோபரில், இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடியோடு தொடர்புடைய சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியின் பரவலை எஃப்.டி.ஏ. விசாரித்தது. இலையைத் தரையில் உலர்த்துவது, கழுவும் நீரைச் சோதிக்காமல் விடுவது, கோழியும் ஆடும் நடமாடும் களத்தில் காயப்போடுவது என்று கிருமி புக வழிகள் நிறைய. பொடியை அப்படியே விழுங்குகிறார்கள், சமைப்பதில்லை. நீராவியில் கிருமி நீக்கும் வசதிக்குச் செலவாகும்தான். அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

கிருமியைக் கொல்ல எத்திலீன் ஆக்சைடு வாயு போட்டால் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்காவில் உலர்ந்த மூலிகைக்கும் மசாலாவுக்கும் ஓரளவு எச்சம் வரை அனுமதி உண்டு. ஐரோப்பாவில் அந்த வாயுவுக்குத் தடை. 2020-ல் இந்திய எள்ளில் அந்த எச்சம் இருந்ததால் ஐரோப்பா முழுக்கப் பொருட்களைத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு சந்தைக்கும் ஒரே பேட்ச்சை அனுப்புபவர் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முன் ஒப்புதல் இல்லை என்பதால் எல்லையைத் தாண்டினால் கனடாவிலும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். கனடாவில் விற்பனைக்கு முன்பே உரிமம் வாங்கி, எட்டு இலக்க எண்ணை டப்பாவில் போட வேண்டும். மலேசியாவில் பதிவு செய்து "எம்.ஏ.எல்." எண் பெறாமல் விற்கக் கூடாது. ஐரோப்பாவில் 1997 மே 15-க்கு முன் குறிப்பிடத்தக்க அளவில் உண்ணப்படாத பொருள் புதுவகை உணவு ஆகிவிடும். அமெரிக்காவிலும் அது போன்ற ஒரு கோடு உண்டு: 1994 அக்டோபர் 15-க்கு முன் அங்கே சப்ளிமெண்ட்டாக விற்காத மூலப்பொருள் என்றால், பொதுவாக விற்பனைக்கு 75 நாள் முன் பாதுகாப்புச் சான்றோடு தெரிவிக்க வேண்டும். அதிகம் பேருக்குத் தெரியாத சித்த மூலிகையை முதன்முதலாக அனுப்புபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரக்கை நிராகரித்தால் 90 நாளுக்குள் திருப்பி எடுக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய அடி, நிறுவனத்தின் பெயர் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் ஏறுவது. ஏறிவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்காமலே அடுத்தடுத்த சரக்குகளையும் நிறுத்தலாம். கோளாறைச் சரிசெய்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில்.

கடைசியாக, லேபிளின் அடியில் இருக்க வேண்டிய ஓர் அமெரிக்க முகவரி அல்லது தொலைபேசி எண். 2006-ல் வந்த சட்டம் இது. பொருளைச் சாப்பிட்டு யாருக்காவது கடுமையான பாதிப்பு வந்தால் தெரிவிப்பதற்காக அந்த எண். அப்படி ஒரு தகவல் வந்தால் 15 வேலை நாட்களுக்குள் எஃப்.டி.ஏ.வுக்கு அறிக்கை போக வேண்டும், பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பலர் ஏதாவது ஓர் எண்ணை அச்சிட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். சரக்கு கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்கள். எடுப்பவருக்கு உங்கள் பொருளின் பெயர் தெரிகிறதா, பேட்ச் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்கிறாரா, அன்றைக்கே உங்களுக்குச் சொல்கிறாரா என்று பாருங்கள்.