தேடிய வேலை கிடைக்காதபோது பக்கத்து வாசலில் நுழைந்து வளர்வது எப்படி?

டிகிரி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஐடி கம்பெனிகளின் ஆஃப் கேம்பஸ், வங்கித் தேர்வு, குரூப் 4 எல்லாம் எழுதிப் பார்த்தும் எதுவும் கைகூடவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில், கடைசியாகப் போட்ட முப்பது விண்ணப்பங்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்று குறியுங்கள். பதிலே வரவில்லை என்றால் ரெஸ்யூமைத் திருத்த வேண்டும், அல்லது தகுதிக்குப் பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறீர்கள். நேர்காணலில் நின்றால் தேவை பேச்சுப் பயிற்சி. ஆஃபர் தந்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனால் அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல், நேர்காணலில் தோற்றவர் கடன் வாங்கி இன்னொரு கோர்ஸில் சேர்வதுதான் அடிக்கடி நடக்கிறது.

பணம் கட்டி வேலை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போலி அனுபவச் சான்றிதழும் வேண்டாம். பின்னணிச் சோதனையில் பிஎஃப் கணக்கின் யுஏஎன் (ஒவ்வொரு ஊழியருக்கும் உள்ள நிரந்தர பிஎஃப் எண்) பதிவைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திலும் ஒப்படைக்க வேண்டாம்.

அடுத்தது பக்கத்து வாசல். சம்பளம் குறைவாக இருந்தாலும், ஒரு தொழிலின் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணில் படும் இருக்கையைத் தேடுங்கள். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசிங் அசிஸ்டென்ட், அதாவது ஆர்டர் வந்தது முதல் சரக்கு போகும் வரை பின்தொடர்பவருக்கு உதவியாளர், அப்படிப்பட்ட இருக்கை. டெக்ஸ்டைல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. ஆங்கிலத்தில் தெளிவாக மெயில் எழுதவும் எக்செல் போடவும் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஆர்டர் போகும் இடமெல்லாம் அதன் பின்னாலேயே நீங்களும் போவீர்கள்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே துணிக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. மார்பு அகலம் 54, கூடுதல் 4, ஆக 58. முன்னும் பின்னும் சேர்த்தால் 116. 104-ஐ 116-ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 180-ஆல் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் சுமார் 217 கிராம். கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 239 கிராம். இப்போது துணி 180-க்குப் பதில் 190 ஜிஎஸ்எம்மில் வந்தால் கழிவோடு சேர்த்து பீஸுக்கு 13 கிராம் கூடும். பத்தாயிரம் பீஸுக்கு சுமார் 130 கிலோ நஷ்டம். துணி வந்திறங்கியதும் ஜிஎஸ்எம் கட்டரால் வட்டமாக வெட்டி எடை போட்டு, கட்டிங்குக்கு முன்பே இதைச் சொல்பவரை முதலாளி மறக்கமாட்டார்.

புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் லேப் டிப். டையிங் யூனிட் சாயம் போட்டுத் தரும் சிறு துணித் துண்டைப் பையர் (ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம்) ஒப்புக்கொண்ட பிறகே மொத்தத் துணிக்கும் சாயம் போட முடியும். அந்த ஒப்புதல் ஒரு வாரம் தள்ளினால் பின்னால் உள்ள எல்லாம் ஒரு வாரம் தள்ளும். கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், செலவு கம்பெனி தலையில் விழும். ஆகவே பையர் போனில் ‘ஓகே’ சொன்னாலும் அன்றைக்கே மெயிலில் எழுதி வாங்குங்கள். ஒப்புதலான துண்டில் தேதி எழுதி ஃபைலில் ஒட்டுங்கள். நிறத்தைப் பையர் சொன்ன விளக்கில், லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பொருந்தும் நிறம் கடை விளக்கில் மாறித் தெரியும்.

சேரும்போதே ஆஃபர் லெட்டரும் பிஎஃப்பும் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் ஈஎஸ்ஐயும் (ஊழியர் மருத்துவக் காப்பீடு) கேளுங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். ஒரு ஆர்டரைத் தனியாக ஷிப்மென்ட் வரை கொண்டுபோன பிறகு சம்பள உயர்வு கேட்கலாம். அப்போது எத்தனை பீஸ், எந்தத் தேதி, என்ன மிச்சப்படுத்தினீர்கள் என்ற கணக்கு கையில் இருக்கட்டும். இங்கிருந்து சீனியர் மெர்ச்சண்டைசர், பையிங் ஆபீஸ் (பையர் சார்பில் இங்கே ஆர்டரைக் கவனிக்கும் அலுவலகம்), காஸ்டிங் (விலைக் கணக்கு), சொந்த யூனிட் என்று பாதை பிரிகிறது. ஐடி நேர்காணலுக்குக் காத்திருந்தபோது இதில் ஒன்றுகூட மனதில் வந்திருக்காது.

குரூப் தேர்வை விட மனமில்லையென்றால் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் படிக்க முடியாது என்பதையும் கணக்கில் வைத்தே அட்டவணை போடுங்கள்.

இனி இறைநம்பிக்கை. தொடர் தோல்வியில் முதலில் ஆட்டம் காண்பது இதுதான், அதனால் இதை ஓரமாக வைக்க எங்களுக்கு மனமில்லை. ‘இந்த மாதத்துக்குள் கிடைத்தால் மொட்டை போடுகிறேன்’ என்று தேதி வைத்து வேண்டினால், தேதி தாண்டியதும் கோபம் சாமி மேல் திரும்பும். இன்னொரு பக்கம், விண்ணப்பத்தை நிறுத்திவிட்டுப் பரிகாரத்துக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள். வேண்டுதலையும் கம்பெனி பெயரையும் பிரித்துவிடுங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன் பதினைந்து நிமிடம், தினமும் அதே நேரம், அன்றைய வேலைக்கான நிதானத்தைக் கேட்டால் போதும்.

வாரம் ஒருநாள் உடலால் ஏதாவது செய்யுங்கள். கோயிலில் உழவாரப்பணி, தேவாலயத்தில் பாடகர் குழு, ரமலானில் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஒரு கை. கையில் உழவாரத்தோடு நிற்கும் அப்பருக்குப் புல் செதுக்குவதும் வழிபாடுதான். அங்கே வேலை கேட்கப் போகாதீர்கள். போய் வேலை செய்யுங்கள். நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று பார்த்தவர்கள் ஊரில் நாலு பேர் இருப்பார்கள். சிறு நிறுவனங்களின் காலியிடங்கள் பலவும் அப்படிப்பட்டவர்கள் வாய்வழியாகத்தான் வெளியே வருகின்றன.

அரசு வேலைக்காக அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தால், முதல் சம்பளம் வந்த வாரமே கோயிலில் செலுத்திவிடச் சொல்லுங்கள். ‘நல்ல வேலை வரட்டும்’ என்று தள்ளிப்போட்டால், இப்போது போகிற வேலையை வீட்டில் யாரும் வேலையாகவே நினைக்கமாட்டார்கள். ஆறு மாதத்தில் அந்த எண்ணம் உங்களுக்கும் வந்துவிடும்.