இரண்டு கணினி, ஒரே ஃபோல்டர்: காசு செலவில்லாமல் சிங்க்திங் அமைப்பது எப்படி?

வீட்டில் ஒரு டெஸ்க்டாப், வெளியே எடுத்துப்போக ஒரு லேப்டாப் என்று வைத்திருப்பவர்கள் பலரும் இன்னும் பென் டிரைவையோ, தங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் மின்னஞ்சலையோதான் நம்பியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் ஒரே கோப்பு நாலு இடத்தில் கிடக்கும். எதைக் கடைசியாகத் திருத்தினோம் என்பது குழம்பிவிடும்.

கூகுள் டிரைவ் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஆனால் அது ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. நாலைந்து ஆவணங்களுக்கு இதுவே போதும். குடும்பப் படங்கள், வீடியோ என்று வந்துவிட்டால் போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சிங்க்திங்.

இது 2013 முதல் வளர்ந்துவரும் ஓபன் சோர்ஸ் மென்பொருள். கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக அனுப்புகிறது. நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் அவை சேமிக்கப்படுவதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டு, நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஒன்று அணைந்திருந்தால், அது அடுத்த முறை ஆன் ஆகும்போது மிச்சம் வந்து சேரும்.

முதல் படி: நிறுவுதல்

சிங்க்திங் டாட் நெட் தளத்தின் டவுன்லோட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் என்றால் அங்கே காட்டப்படும் 'சிங்க்திங் விண்டோஸ் செட்டப்' என்ற இன்ஸ்டாலரை எடுப்பது நல்லது. வெறும் ஜிப் கோப்பை எடுத்தால் ஒவ்வொரு முறையும் நீங்களேதான் இயக்க வேண்டும். உபுண்டு, டெபியனில் அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலேயே சிங்க்திங் கிடைக்கிறது. ஃபயர்வால் அனுமதி கேட்டால் 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதற்குச் சம்மதம் கொடுங்கள். இதையெல்லாம் இரண்டு கணினியிலும் செய்ய வேண்டும்.

அப்புறம் பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் 127.0.0.1:8384 என்று தட்டுங்கள். சிங்க்திங்கின் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். பிரவுசரில் தெரிந்தாலும் அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம்தான்; வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. ஆனாலும் செட்டிங்ஸில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கணினிகளை அறிமுகப்படுத்துதல்

ஒவ்வொரு கணினிக்கும் நீளமான ஓர் அடையாள எண் உண்டு. 'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் 'ஷோ ஐடி' என்பதைத் தட்டினால், ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதிகள் தெரியும். டெஸ்க்டாப்பில் 'ஆட் ரிமோட் டிவைஸ்' பொத்தானை அழுத்தி, லேப்டாப்பின் ஐடியை அதில் ஒட்டுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் ஒட்டவே தேவையில்லை, பக்கத்துக் கணினியின் ஐடி அங்கேயே காட்டப்படும்; அதைத் தட்டினால் போதும். சிறிது நேரத்தில் லேப்டாப்பின் பக்கத்தில் 'புதிய கணினி இணைய விரும்புகிறது' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு உருவாகும். ஐடி வேறு யாருக்காவது தெரிந்துவிட்டாலும், நீங்கள் ஏற்காமல் அவர்களால் கோப்புகளைத் தொட முடியாது.

மூன்றாம் படி: ஃபோல்டர்

டெஸ்க்டாப்பில் 'ஆட் ஃபோல்டர்' போய்ப் பெயரும் பாதையும் கொடுங்கள். விண்டோஸின் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல கணினிகளில் அது ஏற்கெனவே ஒன்டிரைவின் பிடியில் இருக்கும், ஒரே ஃபோல்டரை இரண்டு மென்பொருள்கள் ஒத்திசைத்தால் கோப்புகள் தாறுமாறாகிவிடும். டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் பிரச்சினை இல்லை.

'ஷேரிங்' தாவலில் லேப்டாப்பை டிக் செய்யுங்கள். இன்னும் சேமித்துவிடாதீர்கள், அடுத்த தாவல்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம்.

'ஃபைல் வெர்ஷனிங்' என்று இருக்கும், அதாவது கோப்புகளின் பழைய பிரதிகளை எடுத்து வைக்கும் வசதி. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். ஒத்திசைவு என்பது காப்பு நகல் ஆகாது: லேப்டாப்பில் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், சில நொடிகளில் டெஸ்க்டாப்பிலும் அது அழிந்துவிடும். சொன்னதைச் செய்வதுதான் அதன் வேலை. அதனால் இங்கே 'ஸ்டாகர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பிரதிகளை முதல் மாதம் நெருக்கமாகவும், பிறகு வாரத்துக்கு ஒன்றாகவும் வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் ஓராண்டு வரை கிடைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. மறு கணினியிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் பழைய பிரதி எடுத்து வைக்கப்படும். அதே கணினியில் நீங்களே அழித்தால் அங்கே எதுவும் மிஞ்சாது. லேப்டாப்பில் அழித்த கோப்பை டெஸ்க்டாப்பில் தேட வேண்டும், டெஸ்க்டாப்பில் அழித்ததை லேப்டாப்பில். ஆகவே இரண்டிலும் வெர்ஷனிங்கை இயக்குங்கள். ஒன்றில் இயக்கினால் மற்றதில் தானாக வராது.

இப்போது சேமியுங்கள். லேப்டாப்பில் 'இந்த ஃபோல்டரைச் சேர்க்கவா' என்று அறிவிப்பு வரும்; ஏற்று, காலியான ஒரு ஃபோல்டரைக் காட்டி, வெர்ஷனிங்கையும் மறக்காமல் இயக்குங்கள். முதல் முறை எல்லாம் நகர நேரமாகும். இரு பக்கமும் 'அப் டு டேட்' என்று பச்சையில் காட்டினால் வேலை முடிந்தது. உடனே ஒரு சோதனைக் கோப்பை லேப்டாப்பில் அழித்துவிட்டு, டெஸ்க்டாப்பில் ஃபோல்டருக்குக் கீழுள்ள 'வெர்ஷன்ஸ்' பொத்தான் வழியாக மீட்டுப் பாருங்கள். இதைச் செய்து பார்க்காமல் முக்கியமான கோப்புகளை உள்ளே போடாதீர்கள். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள்.

வெளியூரில் இருந்தாலும் இணையம் வழியாக இது வேலை செய்யும். நேரடி இணைப்பு கிடைக்காதபோது தன்னார்வலர்கள் நடத்தும், இடையில் நின்று தரவைக் கடத்திவிடும் ரிலே சர்வர்கள் வழியாக அது போகும். குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அவர்களால் படிக்க முடியாது. வேகம் மட்டும் குறையும்.

மோதல் வந்தால்

இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரே கோப்பை இரண்டு கணினியிலும் திருத்தினால், சிங்க்திங் எதையும் தூக்கி எறியாது. புதியது அசல் பெயரில் இருக்கும், பழையது 'சிங்க்-கான்ஃப்லிக்ட்' என்று பெயரில் சேர்த்து பக்கத்தில் வைக்கப்படும். இரண்டையும் திறந்து பார்த்து, வேண்டாததை அழித்துவிடுங்கள்.

திறந்திருக்கும்போது தொடர்ந்து மாறும் கோப்புகளை மட்டும் இதில் போடக்கூடாது. கணக்கு மென்பொருள்களின் தரவு, அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு, தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருள் அல்லது குரோமின் புரொஃபைல் ஃபோல்டர் எல்லாம் இந்த வகை. பாதி எழுதிய நிலையில் நகலானால் கெட்டுப்போகும்.

புக்மார்க், கடவுச்சொல்

பிரவுசர் விஷயங்களை பிரவுசரிடமே விட்டுவிடலாம். ஃபயர்பாக்ஸில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி இரண்டு கணினியிலும் உள்நுழைந்தால் புக்மார்க், வரலாறு, கடவுச்சொல் எல்லாம் ஒன்றாகிவிடும். கணினியை விட்டு வெளியேறும் முன்பே அவை குறியாக்கம் ஆகின்றன.

கடவுச்சொற்களை மட்டும் தனியே வைக்க விரும்பினால் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் மேலாண்மை மென்பொருள் நல்ல தேர்வு. எல்லாம் பூட்டிய ஒரே கோப்பில் இருக்கும். அதை சிங்க்திங் ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். அதில் மோதல் நேர்ந்தால் எதையும் அழிக்க வேண்டாம், 'டேட்டாபேஸ்' மெனுவில் 'மெர்ஜ்' கொடுத்து மோதல் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் உள்ள பதிவுகளை அது சேர்த்துவிடும்.