நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் பிந்திவிடும்

நமது மலையகத் தோட்டங்களில், ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன பிறகுதான் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று வீட்டார் கவனிக்கத் தொடங்குகிறார்கள். தவறுகளிலெல்லாம் பெரியது இதுவே. குழந்தையின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடுகிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமாக இருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது. அந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு உதவும் போலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, இயன்றால் மூன்று மாதம் முன்பிருந்தே எடுப்பது நல்லது. நீரிழிவோ வலிப்போ உள்ளவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம் என்பதால், அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த தவறு நம் கையில் இருக்கும் கோப்பையில் உள்ளது. காலையில் ரொட்டியுடன் ஒரு தேநீர், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து பகல் சோற்றுடன் இன்னொன்று என்று குடிக்கும்போது, தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, அது உடலில் சேராமல் தடுக்கின்றன. தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் தேநீரைக் கைவிடும்படி யாரும் கேட்கவில்லை, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள் என்பதே கோரிக்கை. தேநீருக்குப் பதிலாக ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலோ, வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்துகொண்டாலோ இரும்புச்சத்து கூடுதலாக உறிஞ்சப்படும். இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீருடன் விழுங்கக் கூடாது. வெறுங்காலுடன் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் இரத்தச்சோகை வரும் என்பதால், பூச்சி மருந்தைக் கர்ப்பத்துக்கு முன்பே எடுத்து முடிப்பது நல்லது.

குழந்தை வேண்டும் என்ற ஆசையில், நீரிழிவுக்கோ வலிப்புக்கோ எடுத்துவந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. சில மருந்துகளைக் கர்ப்பத்துக்கு முன் மாற்றத்தான் வேண்டும். ஆனால் திடீரென்று நிறுத்துவதால் வரும் வலிப்பும் கட்டுமீறிய சர்க்கரையும் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்தானவை. கருவைப் பாதிக்கும் ரூபெல்லா நோய்க்கான தடுப்பூசி போடாதவர்கள் இப்போதே போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்க முயலலாம். வெற்றிலையுடன் சேரும் புகையிலையைச் சிலர் ஒரு பழக்கமாகவே எண்ணுவதில்லை. சிகரெட்டைப் போலவே அதையும் விட்டுவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் பெண்ணின் வேலையாக மட்டும் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆணின் விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். ஆகவே கணவர் குடியையும் புகையையும் விட்டால், அதன் பலன் தெரிவதற்கும் அவ்வளவு காலம் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரைச் சந்திக்கவும் பெரும்பாலும் மனைவியே தனியாகப் போகிறார். அவருக்குத் தலசீமியா என்ற இரத்த நோயின் பரம்பரை அலகு இருப்பது தெரியவந்தால், கணவரின் இரத்தத்தையும் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது. இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.